பட்டாணி அளவு ஓட்டை

ஊருக்கெல்லாம் ஆணி விற்கிற மனிதர் அவர். ஆணி, திருகாணி, கொக்கி, கிளாம்பு, டிரில் மெஷின் என்று சுவரைக் குத்தவும் குடையவும் உலகத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அடுக்கி வைத்திருக்கும் ஹார்டுவேர் கடையில், தலை கறுத்திருந்த காலத்திலிருந்து கவுண்டரில் நிற்கிறார். முதலாளிக்கு அடுத்தபடி கடையில் அவர்தான். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி கிடையாது. பேருக்குக்கூடக் கிடையாது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், சுவரில் சாயாதீர்கள், அவ்வளவுதான்.

கடையில் வேலை செய்கிறவர்கள் அவருக்குச் செவுரு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். ஆனால் அது காதுக்கு வந்தபோது மனிதர் கோபப்படவில்லை. ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி பூரித்துப்போனார். இப்படிப்பட்ட ஆளைக் கேலி செய்து என்ன பிரயோஜனம்?

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. சின்ன வயதெல்லாம் வாடகை வீடுகளில் கழிந்தது. காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் டார்ச் அடித்து ஆணித் தடம் தேடுவார். ஒவ்வொரு ஓட்டைக்கும் அப்பா கைகட்டி நின்று திட்டு வாங்குவார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, 'சொந்த வீடு கட்டினால் இஷ்டத்துக்கு ஆணி அடித்து ஆசையைத் தீர்த்துக்கொள்வேன்' என்று சபதம் போட்டிருந்தால் நமக்குப் புரியும். இவர் போட்ட சபதமோ நேர் எதிர். அந்த வீட்டுக்காரரையே தனக்குள் குடிவைத்துக்கொண்டுவிட்டார். வாடகையும் வாங்காமல்.

வீடு கட்டிப் பூச்சு வேலை நடந்தபோது கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, "சார், இதுக்கு மேல தேய்ச்சா செங்கல் வந்துடும்" என்று பூச்சுக்காரர் கும்பிடு போட்ட பிறகுதான் விட்டார். வேலை முடிந்ததும் புறங்கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். பெற்ற மகளின் கன்னத்தை அப்படித் தடவியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தச் சாமானுக்கும் நிற்க ஒரு கதி இல்லாமல் போனது. கடிகாரம் ஃப்ரிட்ஜின் தலையில் மல்லாக்கப் படுத்திருக்கும். மணி பார்க்க நுனிக்காலில் எக்க வேண்டும். காலண்டரை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். காற்றடித்தால் மாதமே மாறிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி வாஷ்பேசின் குழாய்க்குப் பின்னால் சாய்ந்திருக்கும். நிமிர்ந்து நின்றால் தொப்புள்தான் தெரியும். முகம் வேண்டுமென்றால் குனிந்து வணங்க வேண்டும்.

இவற்றிலெல்லாம் பரிதாபத்துக்குரியது கல்யாணப் போட்டோ. பெரிய சைஸில், மரச்சட்டம் போட்டு, அந்தக் காலத்தில் ஆசை ஆசையாகச் செய்தது. அது ஹாலில் சோபாவுக்குப் பின்னால் தரையில் நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் சோபாவின் முதுகை முறைத்துக்கொண்டே வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்தினார்கள். பெருக்கும்போது வெளியே எடுத்து, தூசு தட்டி, மறுபடி உள்ளே தள்ள வேண்டும்.

குடிவந்த புதிதில் அவர் மனைவி கேட்டார். "ஏங்க, ஒரே ஒரு ஆணி. போட்டோவை மட்டும் மாட்டிடலாமே."

"எதுக்கு? செவுரு கெட்டுடும்."

மகள் பள்ளி முடித்தபோது கேட்டார். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று கேட்டார். அதே பதில், அதே குரல். பிறகு அந்தம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தினதை, ஒத்துக்கொண்டதாக சார் எடுத்துக்கொண்டார். சில கணவர்மாருக்கு இந்தக் கணக்கு மட்டும் ரொம்பச் சுலபமாக வரும்.

அந்தம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்தவர். வக்கீல் வாயை மூடுவதற்குள் காகிதம் மெஷினிலிருந்து வெளியே வந்துவிடும், அப்படிப்பட்ட கை. மகள் பிறந்ததும் அந்தக் கை பாத்திரத்துக்கும் துணிக்கும் போய்விட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் சேதி கொண்டுவந்தார். காது கேளாதவர்களுக்காக ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். எங்கேயோ கூட்டம் நடக்கும், பாடம் நடக்கும். அதை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கேட்டு, பேசப் பேசத் தட்டச்சு செய்ய வேண்டும். காது கேளாதவர் திரையில் அந்த எழுத்தைப் படித்துப் பேச்சைப் பின்தொடர்வார். டீச்சரும் சேர்ந்திருந்தார், அந்தம்மாவும் சேர்ந்தார். முதல் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம்.

மகள் தன் பழைய கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தாள். அதைப் பின்பக்க அறையில் வைத்தார்கள். ஹாலில் வைக்க முடியாது. ஹாரன் சத்தம், காலிங் பெல், சார் பார்க்கிற டிவி. நிறுவனத்தின் முதல் சட்டமே, கதவைச் சாத்திக்கொண்டு அமைதியான அறையில் உட்கார வேண்டும் என்பது. முதல் நாள் பயிற்சி முடிந்து அந்தம்மா வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கை மறக்கலைங்க. அப்படியே இருக்குது" என்று தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் டிரில் மெஷினைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார்.

"சார், கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கோ அதுவரைக்கும் வயர் இழுத்துடறேன். சின்ன ஓட்டைதான்" என்றார் வந்தவர்.

"உலகமே வயர்லெஸ்ஸுக்குப் போயிடுச்சு, நீங்க இன்னும் வயரைப் பிடிச்சுத் தொங்கறீங்களே!" என்றார் சார்.

கடைசியில், வாசல் ஜன்னல் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு இடுக்கு வழியாகக் கம்பியை உள்ளே கொண்டுவந்து, நெட் பெட்டியைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு வந்தவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று போய்விட்டார். பெட்டி வீட்டின் ஒரு கோடி. கம்ப்யூட்டர் மறு கோடி. நடுவில் ஹால், சமையலறை, சாமான் அறை, ஒரு இரும்பு பீரோ. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயுசுக்கும் நிற்க வேண்டுமென்று சார் சொல்லிச் சொல்லித் தடிமனாக எழுப்பின சுவர்கள். வைஃபை பாவம், அது என்ன செய்யும்? சமையலறை வரை வந்து, மூச்சு வாங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அறுபட்டது. தினமும் அறுபட்டது. யாரோ பேசிக்கொண்டே இருப்பார், அந்தம்மா அடித்துக்கொண்டே இருப்பார், திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சார் சும்மா இருக்கவில்லை. அதுதான் கொடுமை. பெட்டிக்கு அடியில் ஸ்டூல் வைத்தார். பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய தட்டை நிமிர்த்தி வைத்தார், அலை எல்லாம் தட்டில் பட்டுத் திரும்பி உள்ளே ஓடுமாம். அலையை வாங்கி நீட்டித் தரும் குட்டிப் பெட்டி ஒன்றை வாங்கிச் சமையலறையில் செருகினார். அது போதாமல் இன்னொன்றைச் சாமான் அறையில் செருகினார். பீரோவைத் தள்ளினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. கையில் போனை வைத்துக்கொண்டு, கீழே விழுந்த ஊக்கைத் தேடுகிற மாதிரி அறை அறையாக சிக்னல் கோடுகளைத் தேடி நடந்தார். வெயிலைக் குறை சொன்னார், மேகத்தைக் குறை சொன்னார், மிக்ஸியைக் குறை சொன்னார், கம்பியில் உட்காரும் காக்காய்களைக் குறை சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், சுவரை மட்டும் சொல்லவில்லை.

"நீ ரொம்ப வேகமா அடிக்கிற. அதான் நெட்டு தாங்கல" என்றுகூட ஒரு நாள் சொன்னார். பிறந்ததிலிருந்து இதைப்போல ஒரு நியாயத்தை அந்தம்மா கேட்டதில்லை.

"தரை வழியாவாவது ஒரு வயரை விடலாமேங்க."

"கால் தடுக்கி விழறதுக்கா? அப்புறம் கதவுக்கு அடியில எறும்பு வராம ரப்பர் ஒட்டியிருக்கேன். வயர் வந்தா அது பிய்ஞ்சுடும்."

எறும்புக்குக்கூட வழிவிடாத வீடு. அந்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி கடையில் நடக்கிறதைக் கேளுங்கள். வயிறு எரியும். இதே மனிதர், இதே வாய். கவுண்டருக்கு வந்து ஒருவர், "சார், வீட்டு கம்ப்யூட்டருக்கு நெட்டு, வயர்லெஸ்ஸே போதுமா, இல்ல வயர் போடணுமா?" என்று கேட்டால் போதும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"போன்ல படம் பார்க்கறதுக்கு வயர்லெஸ் போதும் சார். பொழப்பே கம்ப்யூட்டர்னா வயரைப் போடுங்க. காத்தை நம்பிப் பொழப்பு நடத்த முடியுமா? செவுத்துல ஒரு ஓட்டை, பட்டாணி அளவு. அதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்களே! செவுரு நமக்காகவா, நாம செவுத்துக்காகவா?"

இதைக் கேட்டு மயங்காத ஆள் கிடையாது. கேபிள், கிளிப், டிரில் பிட் என்று பை நிறைய வாங்கிக்கொண்டு போவார்கள். கேபிள் சுருள்கள் கடையில் வந்த வேகத்தில் காலியாகும். முதலாளிக்கு இந்தப் பேச்சென்றால் உயிர். ஓய்வாக இருக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசிப்பார். அந்தம்மாவின் காதுக்கு மட்டும் அந்தப் பேச்சு வரவே இல்லை. கடை ஆட்களை சார் ஒரு நாளும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் சுவரில் சாய்வார்கள். அதனால் முதலாளிக்குக்கூட அந்தம்மா யாரென்று தெரியாது.

வினை ஒரு டாக்டர் வடிவத்தில் வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கான கூட்டம். டாக்டர் நிதானமாகப் பேசினார், அந்தம்மா அழகாக அடித்துக்கொண்டு போனார். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு" என்கிற இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றி முடித்து நெட் திரும்பி வந்தபோது டாக்டர் மாத்திரையை முடித்துக்கொண்டு களிம்புக்குப் போயிருந்தார். திரையில் வந்த வரி இது: "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு பாதத்தில் நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள்."

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஒரு கேள்வி வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: "ஐயா, மாத்திரையைப் பொடி செய்து தடவ வேண்டுமா?"

நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தம்மாவுக்கு வரவில்லை. காது கேளாத ஒருவர் தன் விரலை நம்பி அங்கே உட்கார்ந்திருந்தார், அவரை நட்டாற்றில் விட்டுவிட்டோமே என்று மேஜையில் தலையை வைத்து அழுதார். சார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அழாதே. இன்னொரு குட்டிப் பெட்டி வாங்கிப் போட்டுடலாம்" என்றார். ஆறுதல் சொல்லக்கூட அந்த மனிதருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் நிறுவனத்திலிருந்து மேலாளர் அம்மா போன் செய்தார். "உங்க வேகத்துக்கு எங்ககிட்ட ஆளே இல்லம்மா. ஆனா நடுவுல வரி காணாம போகுது. என்னால எவ்வளவு நாள்தான் சமாளிக்க முடியும், சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு இருக்கு. அதுலயும் அறுந்துபோச்சுன்னா, மன்னிச்சுக்கோங்க, வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அந்தம்மா போனை வைத்துவிட்டுக் கணவரிடம் அப்படியே சொன்னார். "இது போயிட்டா எனக்கு வேற வேலை கிடைக்காதுங்க. இந்த வயசுல யார் குடுப்பாங்க?"

"வெள்ளிக்கிழமை மேகம் இருக்காது. நீ தைரியமா இரு" என்றார் சார்.

அந்தப் போன் வந்த அன்று கடைக்கு வார விடுமுறை. சார் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த தெரு டீச்சர் உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை, சந்தோஷத்தில் நின்றபடியே பேசினார். நின்றவர் சுவரில் வேறு சாய்ந்துகொண்டார்.

"எனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு! முதல்ல உங்க வீட்டுக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும்னு ஓடி வந்தேன்" என்றார் டீச்சர்.

அந்தம்மாவுக்கு விளங்கவில்லை. "இவருக்கா? எதுக்கு டீச்சர்?"

"உங்களுக்குத் தெரியாதா? நான் வயர்லெஸ் போதும்னுதான் இருந்தேன். வாடகை வீடு வேற, செவுத்துல ஓட்டை போட்டா வீட்டுக்காரர் சத்தம் போடுவாரேன்னு பயம். சார்தான் கடையில வச்சு, 'டீச்சர், வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன், செவுத்துக்காகப் பொழப்பைக் கெடுத்துக்காதீங்க'ன்னாரு. அதோட விட்டாரா? எங்க வீட்டு ஓனருக்குப் போனே போட்டுட்டாரு. 'செவுரு நமக்காகவா, நாம செவுத்துக்காகவா'ன்னு ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க, அந்த மனுஷன் கப்சிப். வயர் போட்ட நாள்லேர்ந்து ஒரு தடவைகூட அறுந்ததில்ல."

சோபாவில் பேப்பர் மெல்ல மெல்ல உயர்ந்து, சாரின் நெற்றியையும் மறைத்துக்கொண்டது. டீச்சர் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தும் அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்படியா சொன்னாரு?" என்றார் அந்தம்மா. குரலில் கோபமே இல்லை. அதைக் கேட்டுத்தான் சாருக்கு வியர்த்தது.

டீச்சர் போன பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. "கடையில பேசறது வேற, வீடு வேற. வியாபாரம்னா ஆயிரம் பேசுவோம்."

அந்தம்மா டம்ளரைக் கழுவினார், துணியை மடித்தார், பீரோவுக்குப் பின்னால் உருண்டு போயிருந்த துணிக் கிளிப்பைத் தேடி எடுத்தார். திட்டியிருந்தால் சாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ராத்திரி சாப்பாடு வழக்கம்போலச் சூடாகவே வந்தது, அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். சார் கவுண்டரில் ஒருவருக்குத் திருகாணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரில் தன் மனைவி. கையில் கைப்பை, முகத்தில் யாரோ எவரோ என்கிற பாவனை.

"சார், வீட்டு கம்ப்யூட்டருக்கு நெட்டு வேணும். வயர் நல்லதா, வயர்லெஸ் நல்லதா?"

சார் பேந்தப் பேந்த முழித்தார். கண்ணாலேயே கெஞ்சிப் பார்த்தார். அந்தம்மா அந்தக் கெஞ்சலை வாங்கிக்கொள்ளவே இல்லை.

"சொல்லுங்க சார். உங்ககிட்ட கேட்டா சரியா சொல்வீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லுங்கய்யா! அம்மா கேக்கறாங்கல்ல?"

"பொழப்பு... பொழப்பு கம்ப்யூட்டர்னா... வயர்தான்" என்றார் சார். ஊரையே மயக்குகிற பேச்சு அன்றைக்குப் பல் பிடுங்கின மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"வயர்னா செவுத்துல ஓட்டை போடணுமே. செவுரு கெட்டுடாதா?"

"பட்டாணி அளவுதான்."

"எனக்குச் சம்மதம் சார். எங்க வீட்டுக்காரர்தான் ஒத்துக்க மாட்டாரு. ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டாரு. அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

முதலாளிக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "யாரும்மா அந்த ஆளு? பொண்டாட்டி பொழப்பை விட செவுரு பெருசாப் போச்சா? செவுத்தையே கட்டிக்க வேண்டியதுதானே, உங்களை எதுக்குக் கட்டிக்கிட்டாரு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திருகாணி வாங்கினவர் பாக்கியைக்கூட மறந்து நின்று சிரித்தார். கடை ஆட்கள் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ஆணிகூட அடிக்க விடாத வீட்டுக்காரர் என்றதுமே அவர்களுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அலமாரிப் பக்கம் திரும்பித் தோள்கள் குலுங்க நின்றார்கள்.

"கவலைப்படாதீங்கம்மா. நம்ம ஆளையே மெஷினோட அனுப்பறேன். ஓட்டையும் போட்டுக் குடுப்பாரு, உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வார்த்தை நல்லாப் புரியற மாதிரியும் சொல்லிட்டு வருவாரு. என்னய்யா, சொல்லிடுவீங்கல்ல?" என்றார் முதலாளி.

"சொல்லிடறேன்" என்றார் சார்.

அப்படித்தான் அவர் வீட்டுக்குப் போனார். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிரில் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தம்மா முன்னால் நடந்தார். வழியில் சார் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "இப்படி நாலு பேர் முன்னாடி..." அந்தம்மா திரும்பிப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. வைத்தார், அழித்தார், கீழே வைத்தார், மறுபடி அழித்தார். அந்தம்மா கீழே பழைய போர்வையை விரித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். மெஷின் அலறியது. சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மேஸ்திரிகளுக்கே துளைபோடச் சொல்லிக்கொடுக்கிற ஆள் தன் வீட்டில் முதல் ஓட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். விளைவு எப்படி இருக்கும்? பிட் மறுபக்கம் வெளியே வந்தபோது, தேய்த்துத் தேய்த்து வளர்த்த அந்தப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து பொத்தென்று விழுந்தது. அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டுவது என்று தெரியாதவர் போல நின்றார். அந்தம்மா துடைப்பத்தோடு வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அன்றைக்கே வயர் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு. அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். சார் கடைக்கு லீவு சொல்லிவிட்டிருந்தார். காலிங் பெல்லின் ஸ்விட்சை அணைத்தார், டிவியின் பிளக்கைப் பிடுங்கினார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கூவி விற்க வந்தவரை உதட்டில் விரல் வைத்து விரட்டினார். வீட்டுக்குள் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதை அதற்கு முன்னால் காதுகொடுத்துக் கேட்டதில்லை. நிற்காமல், தடுமாறாமல், பேய்வேகத்தில் ஓடியது. எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். 'இவ்வளவு வேகமா!' என்று இருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் இந்தக் கை நம் வீட்டிலேயேவா இருந்தது என்றும் இருந்தது. வெட்கம்தான், வேறென்ன.

வகுப்பு முடிந்தது. ஒரு இடத்திலும் அறுபடவில்லை. மேலாளர் அம்மா அப்போதே போன் செய்து, திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். அந்தம்மா அறைக்குள்ளேயே மகளுக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினார். சார் வெளியே நின்று கேட்டார். அந்தச் சிரிப்பையும் அவர் கேட்டு ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் மனிதர் சீக்கிரம் எழுந்தார். சோபாவை நகர்த்திக் கல்யாணப் போட்டோவை வெளியே எடுத்தார். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார். கடையில் இருப்பதிலேயே நல்ல ஆணியாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார், துருப்பிடிக்காத ரகம். கம்ப்யூட்டர் அறையில், அந்தம்மா நிமிர்ந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடத்தில், பென்சிலால் புள்ளியும் வைத்துவிட்டார். இந்தத் தடவை அழிக்கவில்லை. ஒரு கையில் போட்டோ, ஒரு கையில் சுத்தியல், வாயில் ஆணி.

அந்தம்மா வேலைக்கு உட்கார உள்ளே வந்தார். அவரையும் பார்த்தார், போட்டோவையும் பார்த்தார். சார் வாயிலிருந்து ஆணியை எடுத்துக்கொண்டு, பரிசு கொண்டுவந்த பிள்ளை மாதிரி சிரித்தார். "மாட்டிடட்டுமா?"

"எதுக்கு?" என்றார் அந்தம்மா. "செவுரு கெட்டுடும்."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. சார் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போட்டோவை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய், சோபாவுக்குப் பின்னால் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, திரும்பி வந்து சத்தம் வராமல் அறைக் கதவைச் சாத்தினார்.